பெங்களூர் மேட்டில் டர்போ கார்: இன்டர்கூலரும் சென்சாரின் இடமும்

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையிலும் மாலைக் காற்று சற்றுக் குளிர்ந்துவிடுவதால், டர்போ கார்களுக்கு ஏற்ற ஊர் இது என்ற நம்பிக்கை இங்கே பரவலாக உண்டு. அதில் பாதிதான் உண்மை. உயரம் ஊருக்குக் குளிர்ச்சியைக் கொடுத்த கையோடு காற்றின் அழுத்தத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகுதான், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக்குவது பற்றிப் பேச வேண்டும்.

காக்ஸ் டவுனுக்கும் பானஸ்வாடிக்கும் இடையே இருக்கும் ஜீவனஹள்ளி, கண்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழ் புழங்கும் கிழக்கு பெங்களூரைச் சேர்ந்தது. குறுகிய தெருக்கள், அடுத்தடுத்து வேகத்தடைகள், சிக்னலில் தேங்கும் வண்டிகள் என்று ஓடும் பகுதி. இங்கிருந்து டர்போ கார் ஓட்டுபவர் எஞ்சின் கணினியின் நிரலை மாற்றும் ‘ரீமேப்’ செய்து முடித்ததும் கேட்கும் அடுத்த கேள்வி, “பெரிய இன்டர்கூலர் போடலாமா?” என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் எந்த இடத்தில் அளக்கிறோம்? இந்தக் கட்டுரை இரண்டு கேள்விகளையும் சேர்த்தே ஆராய்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதால்தான் பணமும் சில சமயம் எஞ்சினும் வீணாகின்றன.

மேட்டின் கணக்கு

சென்னையில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். பெங்களூரில் சுமார் 91. டர்போ இல்லாத எஞ்சின் இங்கே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு திறனை இழந்துவிடும். டர்போ எஞ்சினுக்கு அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. அதை ஆளும் கணினியான இசியு, சுற்றியுள்ள காற்றை விட எவ்வளவு கூடுதல் என்று பார்ப்பதில்லை. மொத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கிறது. மொத்தம் 200 கிலோபாஸ்கல் வேண்டும் என்று எழுதியிருந்தால் சென்னையிலும் பெங்களூரிலும் அதையே கேட்கும்.

விலை வேறிடத்தில் விழுகிறது. 101-லிருந்து 200-க்கு ஏற்ற காற்றை ஏறத்தாழ 2 மடங்கு அழுத்தினால் போதும். 91-லிருந்து ஏற்ற 2.2 மடங்கு அழுத்த வேண்டும். அழுத்த அழுத்தக் காற்று சூடாகும். கம்ப்ரசரின் செயல்திறன் 70 சதவீதம், வெளிக்காற்று 30 டிகிரி என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், கடலோரத்தில் டர்போவை விட்டு வெளியேறும் காற்று சுமார் 125 டிகிரியில் இருக்கும். பெங்களூரில் சுமார் 139 டிகிரியில் இருக்கும். பருவநிலை வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்வோம். சென்னையில் 35 டிகிரி, பெங்களூரில் 27 டிகிரி என்றால் முறையே 131, 135 டிகிரி வருகிறது. பெங்களூர்க் காற்றின் 8 டிகிரி குளிர்ச்சியை மேடு முழுவதுமாகத் தின்றுவிட்டு, மேலும் 4 டிகிரியை ஏற்றியும் வைக்கிறது.

மெல்லிய காற்றை ஈடுகட்டத்தான் டர்போ முதலில் பெயர் வாங்கியது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905-ல் டர்போவுக்குக் காப்புரிமை பெற்றார். 1918-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ், அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில் 14,000 அடிக்கும் மேலான உயரத்துக்கு லிபர்ட்டி விமான எஞ்சினை ஏற்றி, டர்போ பொருத்தினால் தரைமட்டத்துத் திறன் அங்கும் கிடைக்கும் என்று காட்டினார். அழுத்திய காற்றைக் குளிர்விக்க வேண்டிய தேவையும் கூடவே வந்தது. சாலைக் கார்களில் 1978-ன் போர்ஷே 911 டர்போ 3.3 இன்டர்கூலருடன் வெளிவந்தது. இந்தியச் சாலைகளில் இந்தத் தொழில்நுட்பத்தைப் பெரும்பாலோர் முதலில் பார்த்தது டீசல் வண்டிகளின் முதுகில் எழுதியிருந்த ‘டிசிஐசி’ என்ற நான்கு எழுத்துகளில்தான். அதில் பின்பாதி இன்டர்கூலரைக் குறிப்பது. எரிப்பறை வெப்பம் குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும் என்பதால், 2017-ல் நாடு முழுவதும் வந்த பிஎஸ் 4 புகை விதியும் 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 விதியும் டர்போ டீசலில் இன்டர்கூலரை ஏறக்குறையக் கட்டாயமாக்கிவிட்டன.

மூன்று வகை அமைப்பு

எல்லா டர்போ காருக்கும் ஒரே மாதிரி இன்டர்கூலர் கிடையாது. மாற்றலாமா என்ற கேள்விக்கான பதிலில் பாதி, கார் எந்த வகை என்பதிலேயே இருக்கிறது.

முதல் வகை எஞ்சினுக்கு மேலே படுத்திருப்பது. பழைய எம்-ஹாக் ஸ்கார்பியோவின் பானெட்டிலும் 2009-ல் வந்த ஃபார்ச்சூனரின் பானெட்டிலும் இருக்கும் காற்றுத் திறப்பு அழகுக்காக வைத்ததல்ல. அதன் அடியில் இன்டர்கூலர் இருக்கிறது. குழாய்கள் குட்டையானவை என்பதால் ஆக்சிலரேட்டருக்கு உடனே பதில் கிடைக்கும். ஆனால் கீழே எஞ்சின் கொதிக்கிறது. வண்டி நின்றால், குளிர்விக்க வேண்டிய பொருளே சூடேறிவிடும்.

இரண்டாவது வகை முன்பம்பருக்குப் பின்னால் நிற்பது. 2010-ல் வந்த ஃபியட் லீனியா டி-ஜெட், 2017-ன் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் போன்றவை இந்த வகை. பெரிய இன்டர்கூலர் மாற்றுவது எளிதும் பலன் தெளிவாகத் தெரிவதும் இந்தக் கார்களில்தான்.

மூன்றாவது வகையில் காற்றைத் தண்ணீர் குளிர்விக்கிறது. 2013-ல் இந்தியாவுக்கு வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ-யின் 1.2 லிட்டர் எஞ்சினிலும், இன்று விர்ச்சுஸ், ஸ்லாவியா, டைகூன், குஷாக் கார்களில் உள்ள 1.0 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சினிலும் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு உள்ளேயே இருக்கிறது. அதற்கென்று தனித் தண்ணீர்ச் சுற்று, தனி மின்பம்ப், முன்னால் ஒரு சிறு ரேடியேட்டர் உண்டு. இந்தக் கார்களுக்கு முன்பம்பரில் பெரிய இன்டர்கூலர் போட வேண்டுமென்றால் மேனிஃபோல்டையே மாற்ற வேண்டிவரும். அந்தப் பணத்தை முன்னாலிருக்கும் சிறு ரேடியேட்டரைப் பெரிதாக்குவதிலும், பம்ப் ஒழுங்காக ஓடுகிறதா, சுற்றில் காற்றுக் குமிழி சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பதிலும் செலவிடுவது மேல். தண்ணீருக்கு வெப்பத்தைத் தாங்கும் கொள்ளளவு அதிகம் என்பதால் ஒரு சிறு ஓட்டத்துக்கு இந்த அமைப்பு நன்றாக ஈடுகொடுக்கும். அடுத்தடுத்து முழு வேகத்தில் இழுத்தால் தண்ணீரே சூடாகிவிடும். மறுபடி குளிர நேரம் எடுக்கும்.

பெரிதாக்கினால் என்ன கிடைக்கும்?

இன்டர்கூலரின் தரத்தை இரண்டு எண்களில் சொல்லிவிடலாம். உள்ளே வந்த வெப்பத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள இடைவெளியில் எத்தனை சதவீதத்தைக் குறைத்தது என்பது ஒன்று. குறைக்கும்போது எவ்வளவு அழுத்தத்தை விழுங்கியது என்பது மற்றொன்று. விற்பவர்கள் முதல் எண்ணைப் பெரிதாகச் சொல்வார்கள். இரண்டாவதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

மேலே சொன்ன 139 டிகிரிக் காற்றையே எடுத்துக்கொள்வோம். 70 சதவீதம் குளிர்விக்கும் கம்பெனி இன்டர்கூலரிலிருந்து அது 63 டிகிரியில் வெளிவரும். 85 சதவீதம் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலரில் 46 டிகிரிக்கு இறங்கும். 17 டிகிரி வித்தியாசத்தால் காற்றின் அடர்த்தி 5 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் கூடுகிறது. சரி, அந்தப் பெரிய இன்டர்கூலர் 5 கிலோபாஸ்கலுக்குப் பதில் 15 கிலோபாஸ்கலை விழுங்கினால்? எஞ்சினுக்குக் கிடைக்கும் அழுத்தம் 195-லிருந்து 185-க்கு இறங்கும். அதுவும் 5 சதவீதம். வரவும் செலவும் சரியாகப் போயிற்று.

இதில் ஆசுவாசம் ஒன்று உண்டு. காற்று குளிர்ந்தால், எரிபொருள் நேரந்தவறி வெடித்துத் தட்டும் நாக்கிங் குறையும். இசியு இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்கு இழுக்காது. இந்தியாவில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் நீண்ட காலம் 91-ஆகவே இருந்தது. 100 ஆக்டேன் எக்ஸ்பி100-ஐ இந்தியன் ஆயில் 2020-ல்தான் கொண்டுவந்தது. எனவே நம் பெட்ரோல் டர்போக்களில் குளிர்ச்சியின் பெரும் பலன் அடர்த்தியில் வருவதைவிட இக்னிஷனில் வருகிறது. முதல் இழுப்பில் இருந்த திறன் மூன்றாவது இழுப்பிலும் இருப்பதுதான் நல்ல இன்டர்கூலருக்கு அடையாளம். உச்சத் திறன் எத்தனை குதிரை கூடியது என்று கேட்பதைவிட, சூடேறிய பின் எத்தனை குதிரை மிஞ்சியது என்று கேட்பது பொருத்தமான கேள்வி.

உள்கட்டமைப்பில் இரண்டு வகை. மெல்லிய குழாயும் துடுப்புத் தகடுகளும் கொண்டது எடை குறைந்தது. சீக்கிரம் சூடாகும், காற்று பட்டால் சீக்கிரம் குளிரும். கனமான பட்டைகளையும் தகடுகளையும் அடுக்கிப் பற்றவைத்தது எடை மிக்கது. மெதுவாகச் சூடாகும், மெதுவாகவே குளிரும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடுபவருக்கு முதல் வகை போதும். சிக்னலில் நின்று, கிடைத்த இடைவெளியில் முழு ஆக்சிலரேட்டர் கொடுப்பவருக்கு இரண்டாவது வகை ஒன்றிரண்டு இழுப்புகளுக்கு நன்றாக உதவும். அதன்பின் நெரிசலில் நின்றால் எளிதில் குளிராது. தடிமனை ஏற்றுவதைவிட முகப்பரப்பை ஏற்றுவது மேல். தடிமனான அடுக்கின் பின்பாதிக்குப் போய்ச்சேரும் காற்று ஏற்கெனவே சூடாகியிருக்கும்.

முன்னால் பெரிதாக எதை வைத்தாலும் அதன் பின்னால் இருக்கும் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் காற்று குறையும். பானஸ்வாடி மெயின் ரோட்டில் மதியம் இரண்டு மணிக்கு ஏசி போட்டுக்கொண்டு நகரும் காருக்கு இது சிறு விஷயமல்ல. எஞ்சின் வெப்பம் ஏறி ஏசி கட்டானால், குளிர்ந்த இன்டேக் காற்றால் யாருக்கு என்ன லாபம்? ஏசியில் கேஸ் கூடுதலாக அடைப்பதால் இது தீராது. இந்த உறுப்புகளுக்கு நடுவே உள்ள சந்துகளை நுரைப்பட்டை வைத்து அடைத்து, உள்ளே வரும் காற்று பக்கவாட்டில் தப்பிக்காமல் செய்வது செலவில்லாத, பெரும்பாலும் மறந்துபோகும் வேலை.

இடம் போதவில்லை என்று பம்பருக்குப் பின்னாலிருக்கும் இரும்புக் குறுக்குத்தண்டை வெட்டுவது சில இடங்களில் நடக்கிறது. மோதலில் உயிரைக் காக்கும் பாகம் அது. அதை வெட்டித்தான் பொருத்த முடியும் என்று சொல்லும் இன்டர்கூலர் அந்தக் காருக்கானதல்ல. மிகத் தாழ்வாகத் தொங்கவிட்டால் நம் வேகத்தடைகளும் கற்களும் துடுப்புகளை மடக்கி, காற்று போகும் பரப்பைக் குறைத்துவிடும்.

வெப்ப சென்சார் எங்கே இருக்க வேண்டும்?

இன்டேக் வெப்பத்தை அளப்பது, சூடாக ஆக மின்தடை குறையும் ஒரு சிறு மணி. இதன் எண்ணைப் பார்த்துத்தான் இசியு காற்றின் அடர்த்தியைக் கணக்கிடுகிறது, இக்னிஷனைத் தீர்மானிக்கிறது. எண் தவறினால் முடிவும் தவறும்.

முதல் விதி: எஞ்சினுக்குள் போகும் காற்றைத் தெரிந்துகொள்ள, சென்சார் இன்டர்கூலருக்குப் பின்னால் இருக்க வேண்டும். எளிய விதிதான். இருந்தாலும் மேற்சொன்ன டிஎஸ்ஐ எஞ்சின்களில் இரண்டு சென்சார்கள் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். ஒன்று த்ராட்டிலுக்கு முன்னால், அதாவது இன்டர்கூலருக்கும் முன்னால். மற்றொன்று மேனிஃபோல்டில், இன்டர்கூலருக்குப் பின்னால். ஸ்கேனரில் முதல் சென்சாரின் எண்ணைப் பார்த்து, காற்று கொதிக்கிறது, இன்டர்கூலர் வேலை செய்யவில்லை என்று தீர்ப்பெழுதுவது தவறு. அந்த இடத்தில் காற்று சூடாகத்தான் இருக்கும். இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் இன்டர்கூலரின் செயல்திறனே தெரிந்துவிடும். கம்பெனியே இலவசமாகக் கொடுத்த ஆய்வுக்கூடம் அது.

இரண்டாவது விதி: சென்சார் காற்றை அளக்க வேண்டும், உலோகத்தை அளக்கக் கூடாது. எஞ்சினோடு ஒட்டிய அலுமினிய மேனிஃபோல்டில் மரை போட்டுப் பொருத்திய சென்சார், வண்டி நிற்கும்போது மேனிஃபோல்டின் சூட்டை வாங்கிக்கொள்ளும். பாத்திரத்தின் பிடியைத் தொட்டு உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டைச் சொல்வது போலத்தான் அது. சிக்னலிலிருந்து கிளம்பியதும் சில விநாடிகள், குளிர்ந்த காற்று வந்த பிறகும் சென்சார் பழைய சூட்டையே சொல்லிக்கொண்டிருக்கும்; இசியு தேவையில்லாமல் இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும். நெரிசலில் வண்டி மந்தமாக இருக்கிறது என்ற புகாரில் ஒரு பங்கு இப்படி வருவதுதான். பிளாஸ்டிக் குழாயிலோ, எஞ்சினிலிருந்து ரப்பர் ஹோஸால் பிரிக்கப்பட்ட குழாயிலோ பொருத்தினால் இந்தப் பிழை குறையும்.

மூன்றாவது விதி: முனை காற்றோட்டத்தின் நடுப்பகுதிக்கு எட்ட வேண்டும். குழாய்ச் சுவரோடு ஒட்டிய காற்று மெதுவாக ஓடுவது. சுவரின் சூட்டையே சுமப்பது. பித்தளை மூடிக்குள் அடைத்த சென்சார் மெதுவாகவே பதில் சொல்லும். கூண்டுக்குள் மணி திறந்தபடி இருக்கும் சென்சார் வேகமானது. டர்போ காருக்கு அதுதான் தகும்.

நான்காவது, ஒரு கம்பெனி சென்சாரின் இடத்தில் வேறு கம்பெனி சென்சாரைப் போடக் கூடாது. மரை பொருந்தலாம், பிளக் பொருந்தலாம். வெப்பத்துக்கும் மின்தடைக்கும் உள்ள உறவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இசியுவில் அந்த அட்டவணையை மாற்றாவிட்டால் 40 டிகிரிக் காற்று அதற்கு வேறொரு எண்ணாகத் தெரியும். எல்லா வேகத்திலும் ஒரே திசையில் தவறும் பிழை என்பதால் இது எளிதில் பிடிபடாது.

குழாயில் துளை போடுவதும் வெல்டிங் செய்வதும் குழாயைக் கழற்றி வெளியே எடுத்த பிறகுதான். வண்டியிலேயே வைத்துத் துளைத்தால் அலுமினியத் துருவல் நேராக எஞ்சினுக்குப் போகும்.

அழுத்த சென்சாரும் காற்றளவு சென்சாரும்

அழுத்தத்தை இன்டர்கூலருக்கு முன்னால் அளந்தால், இன்டர்கூலர் விழுங்கும் அழுத்தம் இசியுவுக்குத் தெரியாது. எஞ்சினுக்குக் குறைவாகக் கிடைப்பது தெரியாமலே அது திருப்தியாக இருக்கும். பின்னால் அளந்தால், குறைந்ததைப் பார்த்து டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றும். 5 கிலோபாஸ்கல் விழுங்கிய இடத்தில் 15 விழுங்கும் இன்டர்கூலரை வைத்தால், பெங்களூரில் டர்போவை விட்டு வரும் காற்று இன்னும் 7 முதல் 8 டிகிரி வரை சூடாகும். டர்போவின் சுழற்சியும் எல்லையை நெருங்கும். அடைப்பு அதிகமுள்ள மலிவான இன்டர்கூலர், சென்சார் எந்தப் பக்கம் இருந்தாலும் கேடுதான். இடத்தைப் பொறுத்துக் கேட்டின் வடிவம் மாறுகிறது, அவ்வளவே.

சென்சார் குழாயின் அடிப்பக்கத்தில் இருக்கக் கூடாது. டர்போவிலிருந்தும் கிராங்க் கேஸிலிருந்தும் வரும் எண்ணெய்ப் படலமும், மழைக்காலத்தில் நீர்த்துளியும் அங்கே தேங்கும். டீசலில், புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்பும் இஜிஆரின் கரியும் சேர்ந்தால் துளை அடைந்துவிடும். மேல்பக்கம், முனை கீழ்நோக்கி இருப்பது நல்லது. ஹோஸ் வழியாக அளப்பதாக இருந்தால் அது குட்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும்; ஒரே ஒரு சிலிண்டரின் கிளைக் குழாயிலிருந்து எடுக்காமல், எல்லாவற்றுக்கும் பொதுவான அறையிலிருந்து எடுக்க வேண்டும்.

டர்போ தரும் கூடுதல் அழுத்தமான பூஸ்டை ஏற்றுபவர்கள் 2.5 பார் சென்சாரைக் கழற்றி 3 பார் சென்சாரை மாட்டுவதுண்டு. இசியுவில் அளவுகோலை மாற்றாமல் இதைச் செய்தால், உள்ளே 2 பார் இருக்கும்போது இசியுவுக்குச் சுமார் 1.67 என்றுதான் தெரியும். பூஸ்ட் போதவில்லை என்று அது மேலும் ஏற்றும். பிஸ்டன் உடைவதற்கு இதைவிட நேர்வழி கிடையாது.

காற்றளவு சென்சார் உள்ள கார்களில், அதாவது ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே சூடான மெல்லேடு வைத்து ஓடும் காற்றை அளக்கும் கார்களில், குழாயின் விட்டமே அளவுகோலின் ஒரு பகுதி. 63 மில்லிமீட்டர் குழாயிலிருந்த சென்சாரை 70 மில்லிமீட்டர் குழாய்க்கு மாற்றினால் பரப்பு 23 சதவீதம் கூடும், அதே காற்று 19 சதவீதம் மெதுவாக ஓடும், சென்சார் அந்த அளவுக்குக் குறைத்துச் சொல்லும், பெட்ரோலும் குறையும். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சார் ஓரளவு திருத்தும். முழு ஆக்சிலரேட்டரில் எல்லா கார்களிலும் அந்தத் திருத்தம் கிடைப்பதில்லை, ஆபத்தும் அங்கேதான். இதே கார்களில் வெளிக்காற்றில் ‘புஸ்’ என்று விடும் வால்வை மாட்டினால், அளந்து கணக்கில் எழுதிய காற்று வெளியே போய்விடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் மட்டும் மிஞ்சும். சத்தத்துக்கு ஆசைப்படாமல், காற்றைத் திரும்ப டர்போவின் வாய்க்கே அனுப்பும் வால்வை வைத்துக்கொள்வதே சரி.

முன்பம்பரைக் கழற்றும்போது வேறு சில சென்சார்களையும் மறக்கக் கூடாது. வெளிவெப்பத்தை அளக்கும் சென்சார் பல கார்களில் அங்கேதான் தொங்குகிறது. அதை இன்டர்கூலருக்குப் பின்னால் கட்டிவிட்டால், பெங்களூர் எப்போதும் 45 டிகிரி என்று ஏசி நம்பும். முன்மோதல் சென்சார், சில புதிய கார்களின் ராடார் ஆகியவை கம்பெனி வைத்த இடத்திலிருந்து ஒரு விரல்கூட நகரக் கூடாது.

அளந்து பார்ப்பது எப்படி?

திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி உச்சத் திறனை எடுப்பது வழக்கம். பெங்களூரில் அதற்கு ஒரு பொறி உண்டு. டைனோ மென்பொருள் உயரத்தை ஈடுகட்ட ஒரு திருத்தப் பெருக்கத்தைச் சேர்க்கும். டர்போ இல்லாத காருக்காக எழுதப்பட்ட சூத்திரம் அது. இந்த உயரத்தில் ஏறத்தாழ 10 சதவீதத்தைக் கூட்டிக் காட்டும். டர்போ கார் உயரத்தை ஏற்கெனவே தானே ஈடுகட்டிவிட்டதால், அந்த 10 சதவீதத்தில் பெரும்பகுதி காகிதத்தில் மட்டும் இருப்பது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு தாள்களிலும் திருத்தம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் திருத்தமில்லாத எண்ணைக் கேட்க வேண்டும். டைனோவின் மின்விசிறி சாலைக் காற்றுக்கு ஈடாகாது என்பதால் இன்டர்கூலரைப் பற்றி அது சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது.

சாலையில் எடுத்த பதிவே நம்பத் தகுந்தது. ஒரே கியர், ஒரே பெட்ரோல், ஏறத்தாழ ஒரே வெளிவெப்பம். இழுப்பைத் தொடங்கும்போது இன்டேக் வெப்பம் எவ்வளவு, உச்சத்தில் எவ்வளவு ஏறியது, பழைய நிலைக்கு வர எத்தனை விநாடி பிடித்தது, அப்போது இக்னிஷன் எவ்வளவு பின்வாங்கியது என்ற நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு, இசியுவின் எண்களைப் படிக்கும் சாதாரண ஓபிடி கருவியும் கைப்பேசியும் போதும். முழு வேக இழுப்பை ஊருக்குள்ளோ பொதுச்சாலையிலோ செய்யாமல், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையில் கரி ஸ்பீட்வேயிலும் இருப்பது போன்ற பந்தயத் தடங்களில் செய்ய வேண்டும்.

தடத்துக்குப் போவோருக்கு இன்னொரு எச்சரிக்கை. இசியு வழியாக அல்லாமல் கையால் திருகும் பூஸ்ட் கன்ட்ரோலரில் 1 பார் என்று பெங்களூரில் வைத்தால், மொத்த அழுத்தம் 1.91 பார். அதே காரைச் சென்னைக்கு இறக்கினால், திருகை யாரும் தொடாமலே அது 2.01 பார் ஆகிவிடும். ஐந்து சதவீதம் கூடுதல் காற்று, அதோடு சென்னையின் வெயில். மேட்டில் நாக்கிங் இல்லாமல் ஓடிய வண்டி கடலோரத்தில் ஏன் தட்டுகிறது என்பதற்கு விடை இதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது கசிவுச் சோதனை. பூஸ்ட் குறைவு என்று பி0299 கோடு வரும் காரில், இன்டர்கூலரைக் குறைசொல்லும் முன் ஹோஸையும் கிளாம்பையும் பார்க்க வேண்டும். குழாயை மூடி, குறைந்த அழுத்தத்தில் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். புது இன்டர்கூலர் போட்டதும் வண்டி பறக்கிறது என்று சொல்லும் பலருக்கு, பழைய ஹோஸின் கசிவு நின்றதும் பலனில் ஒரு பங்காக இருக்கலாம்.

சட்டம்

1988-ன் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52-ல், பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. கம்பெனி அளவிலேயே வாங்கிப் பொருத்திய இன்டர்கூலருக்கும், புகை அளவையே மாற்றும் ரீமேப்புக்கும் இடையே தூரம் அதிகம். ஆனால் கம்பெனி வாரன்ட்டியும் இன்ஷூரன்ஸும் அந்த வேறுபாட்டைப் பார்த்துக் கருணை காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக் கோரிக்கையை நிராகரிக்கக் காரணமாகலாம். மாற்றும் முன் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

தீர்ப்பு

கம்பெனி திறனிலேயே ஓடும் காருக்குப் பெரிய இன்டர்கூலர் தேவையில்லை. கசிவில்லாத ஹோஸ், சுத்தமான துடுப்புகள், ஒழுங்காக ஓடும் பம்ப் ஆகியவற்றில் செலவிட்டால் போதும். பூஸ்ட் ஏற்றிய, காற்றால் குளிரும் முன்பக்க இன்டர்கூலர் கொண்ட காருக்கு மாற்றம் பலன் தரும். கடலோரத்தைவிடப் பெங்களூர் மேட்டில் அந்தப் பலன் சற்றுக் கூடுதலாகவே தெரியும். தண்ணீரால் குளிரும் டிஎஸ்ஐ கார்களில் மாற்ற வேண்டியது முன்னாலிருக்கும் சிறு ரேடியேட்டரையும் தண்ணீர்ச் சுற்றையும்தான்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கசிவுச் சோதனை, பிறகு இருக்கிற சென்சார்களை வைத்தே ஒரு பதிவு, அந்தச் சென்சார்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்ற ஆய்வு, அதன்பின் அழுத்த இழப்பு எவ்வளவு என்று எழுதித் தரும் கம்பெனியின் இன்டர்கூலர், கடைசியில் இசியு திருத்தம். மெக்கானிக்கிடம் இன்டர்கூலரின் விலையைக் கேட்கும் முன், “பொருத்தின பிறகு இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் எடுத்த வெப்ப, அழுத்தக் கணக்கைக் கொடுப்பீங்களா?” என்று கேளுங்கள். கொடுக்க முடியாது என்றால் அந்த வேலையை அங்கே செய்யாதீர்கள்.